பழுது ரேமிலா, ஸ்லாட்டிலா, பிராசஸரிலா? ஒர்க்ஸ்டேஷன் மெமரிக் கோளாறைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் காரணமின்றி உறைந்து நிற்கிறது, நீலத்திரை காட்டுகிறது, பல மணி நேரம் ஓடிய ரெண்டரிங் பாதியில் அறுந்துபோகிறது. உடனே ரேமின் மேல் பழி விழுகிறது. புதிய மாட்யூல் வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. அல்லது பழைய மாட்யூலைக் கழற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது போலத் தோன்றி, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருகிறது.

பிராசஸரிலிருந்து மெமரி வரை செல்லும் பாதையில் சந்தேகத்துக்குரியவை நான்கு: மாட்யூல், ஸ்லாட், பிராசஸருக்குள் இருந்து மெமரியை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டும், பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் எழும்பும் மதர்போர்டின் நிரல்) அமைப்புகள். நான்கில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். ஆகவே சோதனை மென்பொருளைவிட முக்கியமானது வேலையைச் செய்யும் வரிசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் மாட்யூலை இடம் மாற்றி, பயாஸைப் புதுப்பித்து, எக்ஸ்எம்பியையும் (மெமரியை இயல்பைவிட வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைத்துவிட்டு, எல்லாம் ஒரே மூச்சில் முடிந்ததும் எது பலித்தது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

1. முதலில் டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்துங்கள்

எந்தக் கோப்பாக இருந்தாலும் டிஸ்க்குக்குப் போகும் முன் மெமரியில் தங்கித்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் (0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறினால்), புரண்ட தரவுதான் டிஸ்க்கில் பதிவாகும். டிஸ்க்குக்கு அது தவறென்று தெரியாது. எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே மெமரியின் மேல் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து மூன்று வேலைகளைச் செய்யாதீர்கள். கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் நிரல்களை ஓட்டாதீர்கள். கெட்ட மெமரியோடு ஓடும் பழுதுபார்ப்பு, நன்றாக இருக்கும் அடைவுப் பட்டியலையே சிதைத்துவிடக்கூடும். இயங்குதளத்தை மீண்டும் நிறுவாதீர்கள். பழைய காப்புப் பிரதியின் மேல் புதியதை எழுதாதீர்கள்.

அவசரமாக ஏதேனும் கோப்பு தேவைப்பட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துப் படியெடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

நல்ல நிலையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். சோதனைக்கான பென் டிரைவைச் சந்தேகத்துக்குரிய இயந்திரத்திலேயே தயாரித்தால், அந்தக் கோப்பே பழுதாகப் பதிவாகலாம்.

மதர்போர்டின் கையேடு கட்டாயம் தேவை. எத்தனை மாட்யூலுக்கு எந்தெந்த ஸ்லாட் என்ற அட்டவணை அதில்தான் இருக்கும். நான்கு ஸ்லாட் கொண்ட பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒற்றை மாட்யூல் போக வேண்டிய இடம் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட், முதலாவது அல்ல. நான்கு, எட்டு சேனல் (பிராசஸருக்கும் மெமரிக்கும் இடையிலான தனித்தனித் தரவுப் பாதைகள்) கொண்ட பெரிய ஒர்க்ஸ்டேஷன்களில் இந்த வரிசை இன்னும் கண்டிப்பானது. தவறான ஸ்லாட்டில் ஒற்றை மாட்யூலை மாட்டினால் சில போர்டுகள் திரையே காட்டாது. அதைப் பார்த்து மாட்யூல் செத்துவிட்டது என்று எழுதிவைப்பவர்கள் உண்டு.

இவை தவிர ஒரு டார்ச், கேமரா உள்ள கைபேசி, மாட்யூல்களில் எண் ஒட்டக் காகித டேப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூலிழை உதிராத துணி, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகம் அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வொரு சோதனைக்கும் பல மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள் எந்த மாட்யூல் எந்த ஸ்லாட்டில் தோற்றது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

3. அறிகுறியை நிதானமாகப் படியுங்கள்

மெமரிக் கோளாறின் அடையாளம் ஒழுங்கின்மை. இன்று உலாவி விழும், நாளை வரைகலை மென்பொருள் விழும், மறுநாள் ஒன்றும் நடக்காது. ஒரே மென்பொருள் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் விழுந்தால், பெரும்பாலும் அது அந்த மென்பொருளின் கோளாறு. ரேமைத் தொட வேண்டியதில்லை.

விண்டோஸ் நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’ போன்ற பெயர்கள் மாறி மாறி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரே பெயர், அதோடு ஒரே டிரைவர் கோப்பின் பெயர் என்றால் முதலில் டிரைவரைப் பாருங்கள். லினக்ஸில் பெரிய நிரலைக் கம்பைல் செய்யும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் கம்பைலரே விழுவது மெமரிக்கே உரிய பழைய அடையாளம்.

எளிய சோதனை ஒன்று: பல ஜிபி அளவுள்ள ஒரு கோப்பின் செக்சம்மை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) கணக்கிடுங்கள், கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்து மீண்டும் கணக்கிடுங்கள், சில முறை திருப்பிச் செய்யுங்கள். தொடாத கோப்புக்கு விடை மாறினால் வன்பொருளில் கோளாறு உறுதி. டிஸ்க்கோ கேபிளோகூடக் காரணமாகலாம் என்பதால் மெமரிதான் என்று இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். விடை மாறவில்லை என்றாலும் மெமரி நிரபராதி என்று ஆகிவிடாது.

4. பெட்டியைத் திறக்கும் முன் பதிவேடுகளைப் பாருங்கள்

இசிசி (பிழையைத் தானே திருத்தும்) மெமரி உள்ள ஒர்க்ஸ்டேஷனாக இருந்தால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடலாம். வழக்கமான இசிசி ஒரு சொல்லில் (ஒரே மூச்சில் படிக்கும் தரவுத் தொகுதி) ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு பிட் புரண்டால் கண்டுபிடித்து அறிவிக்கும், திருத்தாது. முதல் வகை நடக்கும்போது கம்ப்யூட்டர் சாதாரணமாகவே ஓடும். பதிவேட்டில் மட்டும் ஒரு வரி சேரும்.

விண்டோஸில் ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்ற மூலத்திலிருந்து வரும் பதிவுகளைத் தேடுங்கள். லினக்ஸில் ‘எடாக்’ (EDAC) என்ற கெர்னல் பகுதி, திருத்திய பிழைகளையும் திருத்த முடியாத பிழைகளையும் தனித்தனியாக எண்ணி வைக்கும். எந்தச் சேனல் என்பதையும், பல போர்டுகளில் எந்த ஸ்லாட் என்பதையும் காட்டும். தொலைமேலாண்மைச் சில்லு உள்ள போர்டுகளில் அதன் நிகழ்வுப் பதிவையும் பாருங்கள். இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே விழுந்த பிழைகள் அங்கேதான் கிடைக்கும்.

எப்போதோ ஒரு முறை திருத்தப்பட்ட ஒற்றைப் பிழையைக் கண்டு பதற வேண்டாம். ஒரே ஸ்லாட்டின் எண்ணிக்கை நாள்தோறும் ஏறினால் அந்த மாட்யூலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5 (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை மெமரி) வாங்கியவர்கள் பலர் ‘எல்லா டிடிஆர்5-லும் இசிசி உண்டு’ என்று நம்புகிறார்கள். அது சில்லுக்கு உள்ளேயே நடக்கும் திருத்தம் மட்டும். சில்லுக்கும் பிராசஸருக்கும் இடைப்பட்ட பாதையில் நேரும் பிழையை அது காக்காது. எத்தனை பிழை திருத்தினோம் என்று இயங்குதளத்திடம் அன்றாடம் சொல்வதும் இல்லை. பதிவேடு காலியாக இருப்பதால் மெமரி நலமென்று அத்தகைய கம்ப்யூட்டரில் சொல்ல முடியாது.

மொத்த அளவையும் ஒரு பார்வை பாருங்கள். 64 ஜிபி மாட்டிய கம்ப்யூட்டர் 32 ஜிபி மட்டும் காட்டினால் பல மணி நேரச் சோதனையே தேவையில்லை. நேராக 7ஆம் படிக்குப் போகலாம்.

5. இருக்கிற நிலையிலேயே ஒரு சோதனை

எதையும் மாற்றாமல் முதல் சோதனையை ஓட்டுங்கள். பலர் முதலில் அமைப்புகளை மாற்றிவிட்டுச் சோதிக்கிறார்கள். பிழை வராவிட்டால், அமைப்பு மாறியதால் போனதா, அந்தச் சோதனைக்குக் கோளாறு முதலிலேயே பிடிபடாததா என்று சொல்ல வழியில்லை. பிழையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதைத் துரத்த முடியும்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் கைக்கு எளிது. ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுங்கள். முடிவு ஈவன்ட் வியூவரில் பதிவாகும். அது பிழை சொன்னால் நம்புங்கள். பிழையில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். பல கோளாறுகள் அதன் கண்ணில் படாமல் போகின்றன.

முறையான சோதனைக்குப் பென் டிரைவிலிருந்து தனியாக எழும்பும் நிரல் வேண்டும். இயங்குதளத்துக்குள் ஓடும் சோதனைகளால் இயங்குதளம் தனக்கென வைத்திருக்கும் பகுதியைத் தொட முடியாது. மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86+ இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்த வெவ்வேறு நிரல்கள், எதுவானாலும் சரி. மெம்டெஸ்ட்86+ என்றால் 6.00 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். இணையத்தில் சுற்றும் பழைய 5.01 பதிப்பு யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) முறையில் எழும்பாது. பென் டிரைவை இயந்திரம் மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகரிக்காத நிரல் எழும்புவதைத் தடுக்கும் அமைப்பு) தற்காலிகமாக அணையுங்கள். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் வாசலிலேயே நிறுத்திவிடும்.

குறைந்தது நான்கு சுற்று ஓட வேண்டும். அளவு பெரியதென்றால் இரவு முழுவதும், சில வேளை அதற்கு மேலும் ஆகும். மெம்டெஸ்ட்86-இன் முதல் சுற்று வேண்டுமென்றே சுருக்கமாக வைக்கப்பட்டது. அது முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பெட்டியின் பக்கத் தகடு மூடியே இருக்கட்டும். திறந்த பெட்டியில் காற்று ஓடி மாட்யூல் குளிர்ந்திருக்கும். சூட்டில் மட்டும் வரும் பிழை ஒளிந்துகொள்ளும்.

பிழை வந்தால் திரையைப் படம் எடுங்கள். எழுதிய மதிப்பு 00000000, திரும்ப வந்தது 00000020 என்று ஒரு வரி இருந்தால், சுழியிலிருந்து எண்ணும்போது ஐந்தாம் பிட் மட்டும் புரண்டிருக்கிறது. முகவரிகள் மாறினாலும் எல்லா வரிகளிலும் அதே பிட் என்றால் ஒரே சில்லோ, ஒரே தரவுக் கம்பியோ, அழுக்கான ஒரு தொடுமுனையோ காரணமாக இருக்கும். பிட்கள் சிதறிக் கிடந்தால் வேகம், மின்னழுத்தம், கன்ட்ரோலர் பக்கம் சந்தேகம் திரும்பட்டும்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் சோதனை தோல்விதான். ‘64 ஜிபியில் ஒரு பிட்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. விலக்கு ஒன்றுண்டு: மெம்டெஸ்ட்86-இன் 13ஆம் சோதனை, பக்கத்து வரிசைகளை விடாமல் தட்டி வேண்டுமென்றே பிட்டைப் புரள வைக்கப் பார்ப்பது. அதில் மட்டும் பிழை வந்து மற்றவை எல்லாம் சுத்தமாக இருந்தால், கம்ப்யூட்டர் அன்றாடம் உறைந்து நிற்பதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

6. அமைப்புகளை இயல்புக்குக் கொண்டுவாருங்கள்

பிழை உறுதியானதும், மாட்யூலைத் தொடுவதற்கு முன் பயாஸுக்குள் செல்லுங்கள். இருக்கிற அமைப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு, எக்ஸ்எம்பி அல்லது அதற்கு இணையான எக்ஸ்போவை அணையுங்கள். பிராசஸரில் வேகம் கூட்டியோ மின்னழுத்தம் குறைத்தோ வைத்திருந்தால் அதையும் இயல்புக்குத் திருப்புங்கள். மீண்டும் அதே சோதனை.

பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் எக்ஸ்எம்பி வேகம். அதாவது மாட்யூல் தயாரிப்பாளர் எட்டும் என்று சொல்வது. டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பெரும்பாலும் 1.35 வோல்ட்டாக உயர்த்துகிறது. உங்கள் பிராசஸரின் கன்ட்ரோலர் அந்த வேகத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. நான்கு மாட்யூல் மாட்டினால் நிலைமை இன்னும் இறுகும்: ரைசன் 7000 பிராசஸர் வரிசைக்கு அதன் தயாரிப்பாளர் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு மாட்யூலுக்கு வினாடிக்கு 5200 மில்லியன் பரிமாற்றம், நான்குக்கு 3600 மில்லியன்.

இயல்பு அமைப்பில் பிழை மறைந்தால் மாட்யூலைத் திருப்பி அனுப்ப ஓடாதீர்கள். வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள். வருமானம் தரும் வேலை நடக்கும் ஒர்க்ஸ்டேஷனில் எக்ஸ்எம்பி தேவையே இல்லை என்பது என் கருத்து. மிச்சமாகும் சில நொடிகளுக்காக இந்த அலைச்சலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

7. கழற்றி மாட்டுதல்

இயந்திரத்தை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் எரியும் சிறு விளக்கு அணைவதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். அணைத்த கம்ப்யூட்டரிலும் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மாட்யூலை உருவினால் நல்லதும் கெட்டுப்போகும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைக் கழியுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு மாட்யூலிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். எந்த எண் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று படமும் எடுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் ஒரே மாதிரியான நான்கு மாட்யூல்களை மேசையில் பரப்பிவைத்து விழிப்பது வழக்கமான காட்சி.

டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். தூசி, நூலிழை, வளைந்த தொடுமுனை எதுவும் கண்ணில் படலாம். மாட்யூலின் பொன்னிற முனைகளை ஆல்கஹால் தோய்த்த துணியால் ஒரே திசையில் துடைத்துக் காயவிடுங்கள். பென்சில் அழிப்பான் வேண்டாம். பொன்பூச்சு மெலிதானது, தேய்ந்துபோகும். உதிரும் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போய்ப் புதுக் கோளாறாக உட்காரும்.

திரும்ப மாட்டும்போது இரு முனைகளையும் தனித்தனியாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டுகளில்தான் ஏமாற்றம் அதிகம். கொக்கிப் பக்கம் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும்; மறுமுனை ஒரு மயிரிழை மேலே நிற்கும். பக்கவாட்டில் குனிந்து, பொன்முனைகளின் மேல்விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உட்காரவில்லை.

டிடிஆர்5 கம்ப்யூட்டரில் மாட்யூலை மாற்றியதும் முதல் தொடக்கத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். மெமரிப் பாதையின் நேர அளவுகளை பயாஸ் அப்போது புதிதாகப் பழகிக்கொள்கிறது. பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கழற்றி மாட்டியதும் பிழை போனால் முழு நான்கு சுற்றும் ஓட்டி உறுதிசெய்யுங்கள்.

8. இடம் மாற்றிப் பிரித்தறிதல்

மற்றப் படிகளை விரைவாகக் கடந்தாலும் இங்கே அவசரப்படாதீர்கள்.

முதல் பாதி: ஸ்லாட்டை நிலையாக வைத்து மாட்யூலை மாற்றுவது. கையேடு சொல்லும் ஒற்றை ஸ்லாட்டில் 1ஆம் மாட்யூலை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் 2, 3, 4. மற்ற ஸ்லாட்டுகள் காலியாகவே இருக்கட்டும். இரண்டாம் பாதி: மாட்யூலை நிலையாக வைத்து ஸ்லாட்டை மாற்றுவது. முதல் பாதியில் தேறிய ஒரு மாட்யூலை எடுத்து, கையேடு அனுமதிக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வரி.

முடிவைப் படிக்கும் விதம் இது. எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் ஒரே மாட்யூல் தோற்றால் பழுது மாட்யூலில். எந்த மாட்யூலை மாட்டினாலும் ஒரே ஸ்லாட் தோற்றால் பழுது ஸ்லாட்டில். ஒரே சேனலின் இரண்டு ஸ்லாட்டும் தோற்று மறு சேனல் தேறினால் பிராசஸர் அல்லது சாக்கெட். எல்லா மாட்யூலும் எல்லா ஸ்லாட்டிலும் தோற்றால், அத்தனையும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பிராசஸர், பவர் சப்ளை, பயாஸ் பதிப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

எஞ்சியது குழப்பமான விடை: தனித்தனியாக எல்லாம் தேறுகின்றன, சேர்ந்தால் தோற்கின்றன. பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு செட்கள் கலந்திருக்கும். ஒரே தயாரிப்பு எண் இருந்தாலும் உள்ளே உள்ள சில்லுகள் வேறாக இருக்கலாம். வேகத்தைக் குறைப்பது, அல்லது ஒரே செட்டாக விற்கும் மாட்யூல்களுக்கு மாறுவது தவிர வேறு நல்ல வழி இல்லை.

பிழை வந்த முகவரியை வைத்து ‘48 ஜிபிக்கு மேல் பிழை, ஆகவே நான்காவது மாட்யூல்’ என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. முகவரிகள் சேனல்களுக்கிடையே மாறி மாறிப் பங்கிடப்படுகின்றன. அடுத்தடுத்த முகவரிகள் வெவ்வேறு மாட்யூல்களில் இருக்கும். கழற்றி மாட்டிப் பார்க்கும் உழைப்பை இந்தக் கணக்கால் மிச்சப்படுத்த முடியாது.

9. சேனலே தோற்றால்

இன்றைய கம்ப்யூட்டர்களில் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. அதன் கம்பிகள் சாக்கெட்டின் நுண்முனைகள் வழியாகத்தான் ஸ்லாட்டுக்கு வருகின்றன. குளிர்விப்பானின் திருகுகள் ஒரு மூலையில் அதிகமாக இறுக்கப்பட்டிருந்தால்கூட ஒரு சேனல் காணாமல் போகும். முதலில் குளிர்விப்பானைக் கழற்றி, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக, சம அளவில் இறுக்கி மாட்டிப் பாருங்கள். வெப்பப் பசை புதிதாகத் தடவ வேண்டியிருக்கும்.

அது பலிக்காவிட்டால் பிராசஸரை எடுத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள். முனைகள் ஒரே திசையில் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று மட்டும் ஒளியைத் திருப்பிக் காட்டினால் அது வளைந்திருக்கிறது. உத்தரவாதக் காலம் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விடுங்கள். ஊசியால் நிமிர்த்தப் போய் ஒடித்துவிட்டால் கேட்க நாதியில்லை.

சூடும் ஒரு காரணம். 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெமரிச் சில்லுகளை இரு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். சூடு ஏற ஏற அவற்றின் மின்னூட்டம் விரைவாகக் கசியும். பெரிய கிராபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று நேராக மாட்யூல்கள் மேல் வீசும் பெட்டிகளில், மெமரிச் சோதனை தேறியும் ரெண்டரிங்கின்போது மட்டும் பிழை வருவது இதனால்தான்.

10. மாற்றும்போது

செட்டாக வாங்கியிருந்தால் செட்டாகத் திருப்பிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் 8ஆம் படியின் கலப்புக் கோளாறு வந்து சேரும். சோதனைத் திரையின் படமும் நோட்டின் பக்கமும் உடன் இருந்தால் பேச்சு சுருங்கும்.

ஒர்க்ஸ்டேஷனில் ரெஜிஸ்டர்டு மாட்யூலா (சமிக்ஞைகளை இடையில் தாங்கி அனுப்பும் சில்லு உள்ளது), அன்பஃபர்டு மாட்யூலா (அது இல்லாதது) என்று பார்த்து வாங்குங்கள். இரண்டையும் கலக்க முடியாது. இரண்டுக்குமே இசிசி வகை உண்டு என்பதால் ‘இசிசி’ என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அடிக்கடி தவறான பெட்டியோடு வருகிறார்கள்.

கெட்ட முகவரிகளை மட்டும் ஒதுக்கிவைக்கும் வசதி லினக்ஸிலும் விண்டோஸிலும் இருக்கிறது. புதிய மாட்யூல் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். நிரந்தரமாக வைக்காதீர்கள், பழுதான சில்லு அந்த ஒரு இடத்தோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

11. மாற்றிய பிறகு

இயல்பு அமைப்பில் முழுச் சோதனை முதலில். அது தேறிய பிறகே 1ஆம் படியில் தள்ளிவைத்த வேலைகளுக்குப் போகலாம்: கோப்பு முறைமைச் சோதனை, இயங்குதளக் கோப்புகளின் சரிபார்ப்பு, செக்சம் வைக்கும் கோப்பு முறைமை என்றால் முழு ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் செக்சம்மோடு ஒப்பிடும் சோதனை). கோளாறு தொடங்கிய நாளுக்குப் பின் சேமித்த முக்கியக் கோப்புகளைப் பழைய காப்புப் பிரதியோடு ஒப்பிடுங்கள். நீங்கள் தொடாத கோப்பு மாறியிருந்தால் பழையதை நம்புங்கள்.

எக்ஸ்எம்பி வேண்டுமென்றால் கடைசியாகப் போட்டு, அதற்கென்று தனியாக ஒரு முழுச் சோதனை ஓட்டுங்கள். இசிசி கம்ப்யூட்டரில் பழைய பிழை எண்ணிக்கைகளைக் குறித்து வைத்துவிட்டு, முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.